நெய்யூருக்கு வந்த டாக்டரும் நாம அனுப்பின டாக்டர்களும்

தக்கலையில இருந்து இரணியல் தாண்டினா நெய்யூர். லண்டன் மிஷன் டாக்டர் ராம்சே 1838-ல அங்கே வைத்தியத்தைத் தொடங்கினார். ஆனா நம்ம பெரிசுங்க வாயில நிக்கிற பேரு சாமர்வெல். 1922, 1924 ரெண்டு எவரெஸ்ட் பயணத்துலயும் இருந்த மனுஷன். முதல் பயணம் முடிஞ்சு இந்தியாவைச் சுத்திப் பார்க்க வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பார்த்துட்டு, லண்டன் வேலையை வேண்டாம்னு சொல்லிட்டு இங்கேயே தங்கிட்டார். அப்போ வயசு முப்பத்தி சொச்சம்தான். இருபது வருஷத்துக்கு மேல நம்ம ஆளுங்க வயித்துப் புண்ணுக்குக் கத்தி பிடிச்சார்.

சரி, எதிர்த் திசைக்கு வருவோம் மக்களே. "இங்க படிச்சிட்டு வெள்ளைக்காரனுக்கு ஊழியம் பாக்கப் போறானுவ, எல்லாம் பணத்தாசை"ன்னு டீக்கடையில சொல்லுவாங்க. பணம் இல்லைன்னு நானும் சொல்லல. ஆனா வாசலைத் திறந்து வச்சது யாரு?

பிரிட்டனில் என்.எச்.எஸ். ஆரம்பிச்சது 1948 ஜூலை 5. அவங்க டாக்டர்கள் பலர் கனடா, ஆஸ்திரேலியான்னு கிளம்ப, கீழ்மட்ட வேலைக்கு ஆள் இல்லை. நம்ம கல்லூரிகளில் பாடம், பட்டம் எல்லாமே பிரிட்டிஷ் அச்சு. அதனால 1975 வரைக்கும் இந்தியப் பட்டங்களைத் தனிப் பரீட்சை இல்லாமலே ஏத்துக்கிட்டாங்க (பிளாப் எல்லாம் அதுக்கப்புறம் வந்தது). இந்திய, பாகிஸ்தான் இளம் டாக்டர்கள் வராட்டி சேவையே குலைஞ்சிருக்கும்னு 1961-ல பிரபுக்கள் சபையிலேயே கோஹன் பிரபு ஒத்துக்கிட்டார்.

இங்க நிலைமை என்ன? எம்.பி.பி.எஸ். முடிச்சவனுக்கு மேற்படிப்பு சீட்டு குதிரைக்கொம்பு. நம்ம மாவட்டத்துக்குன்னு ஆசாரிப்பள்ளத்துல அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2001-லதான். போர்டுல எஃப்.ஆர்.சி.எஸ்., எம்.ஆர்.சி.பி. இருந்தா அந்த மவுசே தனி. ரெண்டு மூணு வருஷம் பயிற்சி, அப்புறம் ஊர்தான்னு போனவங்க நிறைய. அங்க கிடைச்சது? அவங்க ஆளுங்க சீந்தாத முதியோர் வார்டு, மனநலம், வேல்ஸ் நிலக்கரி ஊர் கிளினிக். சர்ஜன் கனவோட போய் அப்படியே தங்கிப்போனவங்க எத்தனையோ.

2006-ல வந்ததுதான் பெரிய அடி. அதுவரை பெர்மிட் இல்லாமலே பயிற்சிக்குச் சேரலாம். அந்த வருஷம் மார்ச்சுல அறிவிச்சு, ஏப்ரலிலேயே அமலாக்கிட்டாங்க. கடன் வாங்கி பிளாப் பாஸ் பண்ணினவங்க நடுத்தெருவுல. லண்டன் ஈஸ்ட் ஹாமுல டாக்டர் பசங்க கோயில் சாப்பாட்டை நம்பி இருந்ததா அப்போ செய்தியே வந்தது. இந்திய வம்சாவளி டாக்டர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. ஏற்கெனவே அங்க இருந்தவங்களையும் ஓரங்கட்டச் சொன்ன சுகாதாரத் துறை வழிகாட்டுதல் செல்லாதுன்னு 2008-ல பிரபுக்கள் சபை தீர்ப்பு. அதுக்குள்ள பலர் கடனோட ஊர் திரும்பியாச்சு.

2025 ஜூலையில பிரிட்டன் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டத்துல, பயிற்சி இடங்களுக்கு அவங்க ஊர்ப் பட்டதாரிகளுக்கும், அங்கேயே ரொம்ப நாள் வேலை பார்த்தவங்களுக்கும்தான் முன்னுரிமைன்னு சொல்லிட்டாங்க. இங்க பிளாப்புக்குப் பணம் கட்டிட்டு உக்காந்திருக்கிற பசங்க வயித்துல புளியைக் கரைக்குது.