திருவிதாங்கூர் மொனசைற்று மணலும் வல்லரசுகளும்

குமரிமுனைக்கு வடமேற்கே, குளச்சலை அடுத்துள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையிற் பருவக்காற்றுக் காலத்து அலைகள் கருமணலை வாரி ஒதுக்கிச் செல்கின்றன. கருநிறம் இல்மனைற்றினால் உண்டாவது. அதனிடையே தேனின் நிறம் வாய்ந்த சிறு மணிகளும் விரவிக் கிடக்கும். அவையே மொனசைற்று. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பினால் தமிழ்நாட்டோடு சேர்ந்த இவ்வூரும், கேரளத்திலே கொல்லத்துக்கு வடக்கேயுள்ள சவறையும் முன்னர்த் திருவிதாங்கூர் அரசுக்கு உரியனவாயிருந்தன. ஒரு சிறு சமத்தானத்தின் கடற்கரை மணல் பேர்லினிலும் இலண்டனிலும் வாசிங்டனிலும் அரசியலாளர் கவலைக்குரிய பொருளாக மாறிய வரலாறு, கனிப்பொருளை விற்கும் நாடும் வாங்கும் நாடும் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளின் இயல்பை நன்கு விளக்குவதாகும்.

மொனசைற்று ஒரு பொசுபேற்று. தோரியம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டு உலோகமும், சீரியம், இலந்தனம், நியோதிமியம் முதலிய அருமண் உலோகங்களும் அதிற் கலந்துள்ளன. எடையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு அருமண் ஒட்சைட்டுக்களே. ஆயினும் முதன்முதல் இம்மணலைத் தேடியவர் அவற்றை விரும்பினாரல்லர். ஒஸ்திரிய இரசாயன அறிஞராகிய காள் அவுவர் வொன் வெல்ஸ்பாக்கு 1885ஆம் ஆண்டிலே வாயுவிளக்குக்குரிய மென்டிலுக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். பின்னர், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரிய ஒட்சைட்டும் ஒரு பங்கு சீரிய ஒட்சைட்டும் சேர்ந்த கலவையே சிறந்த ஒளியைத் தருமெனக் கண்டார். நம் கோயிற்றிருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் எரிந்த பெற்றோமக்ஸ் விளக்கின் மென்டில் இக்கண்டுபிடிப்பின் வழிவந்ததே. ஐரோப்பிய நகர்களின் தெருவிளக்குகள் யாவும் தோரியத்தை வேண்டி நின்றன. வேண்டிய மொனசைற்று முதலில் அமெரிக்கக் கரோலினாவிலிருந்தும், பின்னர்ப் பெரும்பாலும் பிறேசிற் கடற்கரையிலிருந்தும் வந்தது. அதைப் பகுக்கும் தொழிலோ யேர்மன் கம்பனிகளின் கூட்டொன்றின் கைக்குள் இருந்தது. பகுத்தபின் எஞ்சிய அருமண் பொருள்கள் ஆலைகளுக்குப் பெருஞ்சுமையாயின. அக்கழிவினின்று தீத்தட்டுங் கல்லைச் செய்யும் வழியை 1903இல் வகுத்தவரும் வெல்ஸ்பாக்கே.

இக்காலத்தில் இலங்கையிலும் தோரியத் தேட்டம் எழுந்தது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவராயிருந்தபொழுது, 1904ஆம் ஆண்டிலே, பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கல் மணலிலிருந்து தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருள் இனங்காணப்பட்டது. தோரியத்தின் செறிவில் மொனசைற்று அதற்கு ஈடாகாது. அளவிலோ தோரியனைற்று மிகச் சிறிது. கலை வரலாற்றாசிரியராக மட்டும் குமாரசுவாமியை அறிந்தோர் இச்செய்தியை மறந்துவிடுதல் இயல்பே.

1909ஆம் ஆண்டில் சொம்பேர்க்கு என்னும் யேர்மன் இரசாயனவாணர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தும்புக்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு அதன் பிறப்பிடத்தைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்தார் என்பர். பிறேசில் மணலிலே தோரிய ஒட்சைட்டு நூற்றுக்கு ஆறு அளவில் இருக்க, இங்கு எட்டு முதற் பத்து வரை இருந்தமையால் விரைவிலே ஒரு பிரித்தெடுக்கும் நிலையம் அமைந்தது. 1914இல் முதலாம் உலகப்போர் மூண்டதும் பிரித்தானிய அரசு விழித்துக்கொண்டது. தன் பேரரசின் நிழலிலுள்ள மணல் பகைவரின் ஆலைக்குப் போவது அதற்குப் பொறுக்கவில்லை. யேர்மன் தொடர்பு அறுக்கப்பட்டது. தொழில் பிரித்தானியக் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. திருவிதாங்கூருக்கு இதனால் வந்த மாற்றம் யாது? முன்னர் யேர்மனிக்குச் சென்ற மணல் இப்போது இங்கிலாந்துக்குச் சென்றது. அரசுக்குக் கிடைத்தது உரிமைப்பணமும், கரையோர மக்களுக்குக் கிடைத்தது கூலியுமே.

மின்விளக்குப் பரவியபின் தோரியத்தின் மதிப்பு வீழ்ந்தது. 1920களிலே வெண்ணிறப் பூச்சுக்குரிய தைத்தேனியத்தின் பொருட்டு இல்மனைற்று முதன்மை பெற, மொனசைற்று பின்தள்ளப்பட்டது. இந்நிலையை மாற்றியது அணுவாராய்ச்சி. தோரியத்தை நியூத்திரன்களாற் தாக்கினால் அது பிளவுறத்தக்க யுரேனியம் 233 ஆக மாறுமென்பது 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. 1944 யூனிலே உறூசுவெல்ற்றும் சேர்ச்சிலும் கூட்டு அபிவிருத்தி நம்பிக்கைப் பொறுப்பு என்னும் அமைப்பை மறைவாக உண்டாக்கினர். உலகிலுள்ள யுரேனியத்தையும் தோரியத்தையும் இயன்ற அளவு தம் ஆட்சிக்குள் கொணர்தல் அதன் நோக்கம். பெல்சியத்தோடு கொங்கோ யுரேனியத்துக்கும், பிறேசிலோடு மொனசைற்றுக்கும் உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. எஞ்சி நின்றது திருவிதாங்கூர்.

அங்கே திவானாயிருந்தவர் சேர் சீ. பி. இராமசுவாமி ஐயர். அவருடைய அரசியலை ஏற்காதோர் பலர். புன்னப்புறை வயலாறு எழுச்சியை 1946இல் அவர் அடக்கிய முறை மன்னிக்கத்தக்கதன்று. ஆயினும் மொனசைற்று விடயத்தில் அவர் கண்ட உண்மை கூர்மையானது. ஏற்றுமதியைத் தடுத்து நிறுத்தி, மணல் வேண்டுமாயின் அதைப் பகுக்கும் ஆலையைத் திருவிதாங்கூரிலேயே அமைத்துத் தருக என்று பிரித்தானியரிடம் அவர் பேரம் பேசினார். அதுகாறும் விலையையும் உரிமைப்பணத்தையும் பற்றியே நிகழ்ந்த பேச்சு, தொழினுட்பத்தைப் பற்றியதாயிற்று. 1947 யூனில், பிரித்தானியர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனிநாடாகுமென அவர் அறிவித்தபொழுது, தோரியமும் அவர் கையிலிருந்த துருப்புச் சீட்டுக்களில் ஒன்று. இலண்டனின் வழங்கல் அமைச்சிலும் அத்தனிமை சிறிது காலமாயினும் நிலைப்பது நன்மையென எண்ணியோர் இருந்தனர். யூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் திவான் வெட்டுண்டார். சில நாட்களுள் மகாராசா இந்தியாவோடு சேர இசைந்தார்.

சமத்தானம் மறைந்தது, அதன் கொள்கை மறையவில்லை. கோமி பாபாவைத் தலைவராகக் கொண்டு 1948இல் நிறுவப்பட்ட இந்திய அணுசக்தி ஆணைக்குழு, பகுக்காத மொனசைற்றை வெளியே அனுப்புவதில்லை என்ற நிலையையே மேற்கொண்டது. 1950இல் இந்திய அருமண் கம்பனி, மத்திய அரசும் திருவிதாங்கூர் கொச்சி அரசும் சேர்ந்த முதலீட்டில் உருவாயிற்று. ஆலையமைக்கும் அறிவைத் தந்தது ஒரு பிரெஞ்சுக் கம்பனி. பேரியாற்றங்கரையிலுள்ள ஆலுவாயில் எழுந்த அவ்வாலையை 1952 திசெம்பரில் நேரு திறந்து வைத்தார். பிரித்தானியாவும் அமெரிக்காவும் மணலைக் கேட்க, பிரான்சு ஆலையைத் தர முன்வந்தது. வல்லரசுகளின் போட்டியிற் சிறிய பங்காளியே நல்ல பங்காளியாதல் உண்டு.

கொள்கைக்குச் சோதனையும் விரைவில் வந்தது. 1951இல் இந்தியாவில் உணவுப் பஞ்சம் நெருங்கியபோது இருபது இலட்சம் தொன் தானியத்துக்காக அமெரிக்க ஐக்கிய நாடுகளிடம் 19 கோடி தொலர் கடன் கேட்கப்பட்டது. மொனசைற்றை ஈடாகத் தரவேண்டுமென அமெரிக்கப் பேரவையிற் சிலர் வற்புறுத்தினர். பசித்தவன் கையிலிருந்து மணலைப் பறிப்பதா என்ற கசப்பு இந்தியாவில் எழுந்தது. நேரு தடையை நீக்க இசையவில்லை. கடன் அந்நிபந்தனையின்றியே வழங்கப்பட்டது. 1953இல் ஆலையின் விளைபொருளான தோரிய நைத்திரேற்றுச் சிறிதளவு சீனாவுக்குக் கப்பலேறியபோது, பொதுவுடைமை நாடுகளுக்குப் போர்ப்பயனுள்ள பொருளை விற்போருக்கு உதவியை நிறுத்தும் அமெரிக்கச் சட்டம் குறுக்கே வந்தது. சீனாவோடு 1952இல் இறப்பர் அரிசி உடன்படிக்கை செய்த இலங்கைக்கு அமெரிக்க உதவி மறுக்கப்பட்டமையை அறிந்தோருக்கு இச்சட்டம் புதிதன்று. இந்தியாவின் வழக்கோ வேறு விதமாக முடிந்தது. நைத்திரேற்றை அமெரிக்காவே வாங்கிக்கொள்ள ஏற்பாடாயிற்று. ஆலை உள்ளூரில் இருந்தமையாலன்றோ இப்பேரம் இயன்றது.

இத்துணை உறுதியோடு பேணப்பட்ட கொள்கையில் ஒரு குறை உண்டு. பாபாவின் கண் தோரியத்தின் மீதே பதிந்திருந்தது. யுரேனியம் குறைந்த நாட்டுக்குத் தோரியம் பிற்கால எரிபொருளாகும் என்பது அவர் வகுத்த திட்டம். அதனால் மொனசைற்று அணுசக்திச் சட்டத்தின் காவலுக்குட்பட்டது; அருமண் உலோகங்களோ பக்கவிளைவாகவே கருதப்பட்டன. வெல்ஸ்பாக்கின் காலத்து ஆலைகளில் நிகழ்ந்தது ஆலுவாயிலும் நிகழ்ந்தது எனலாம். 1960களில் நிறத் தொலைக்காட்சிக்கு யூரோப்பியமும், 1980களில் வலிய காந்தங்களுக்கு நியோதிமியமும் வேண்டப்பட்டன. தோரியமோ இன்றும் பெரும்பாலும் சேமிப்பிலேயே உள்ளது. அருமண் பொருள்களைத் தனித்தனியே பிரிக்கும் நுட்பத்தையும், அவற்றிலிருந்து காந்தம் வார்க்கும் தொழிலையும் தன் நாட்டில் திரட்டியது சீனா. உள்மொங்கோலியாவின் பையுன் ஓபோவில் இரும்புச் சுரங்கத்தின் உடன்விளைவாகவே அவை அங்குக் கிடைத்தன என்பது நினைக்கத்தக்கது. சீனப் பொருளின் மலிவுக்கு ஈடுகொடுக்க இயலாமல் இந்திய அருமண் உற்பத்தி 2000களின் தொடக்கத்திலே தளர்ந்தது.

2010 செத்தெம்பரில், கடலெல்லைப் பிணக்கொன்றின்போது சீனாவிலிருந்து யப்பானுக்குச் செல்லும் அருமண் ஏற்றுமதி தடைப்பட்டது. யப்பானியர் உடனே வேறு மூலங்களை நாடினர். அவுஸ்திரேலியாவின் இலைனாசுக் கம்பனிக்கு முதலீடு சென்றது. இந்தியாவோடு 2012 நவம்பரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி ஒடிசாவில் மொனசைற்றிலிருந்து பெறப்படும் அருமண் கலவை விசாகப்பட்டினத்திலுள்ள தொயோத்தாத் தொகுதியைச் சேர்ந்த கம்பனியின் ஆலைக்குச் சென்று, அங்குப் பகுக்கப்பட்டு யப்பானுக்கு ஏற்றப்பட்டது. 1950இல் இந்தியா பிரெஞ்சுக்காரரிடம் ஆலையைப் பெற்றது. 2012இல் இந்திய மண்ணிலிருந்த ஆலை யப்பானியருடையது. 2023இல் அமெரிக்கா முன்னின்று அமைத்த கனிப்பொருட் பாதுகாப்புக் கூட்டிலும் இந்தியா சேர்ந்தது.

2025 ஏப்பிரலிற் சீனா ஏழு அருமண் உலோகங்களின் ஏற்றுமதிக்கு அனுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, இந்திய மோட்டார்த் தொழிலாளரும் காந்தத்துக்குத் தவித்தனர். இரண்டு மாதங்களின் பின், யப்பானுக்கு அனுப்புவதை நிறுத்தி உள்நாட்டுக்கு வைத்துக்கொள்ளுமாறு அருமண் கம்பனியிடம் இந்திய அரசு கேட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. அவ்வாண்டு நவம்பரில், ஆண்டொன்றுக்கு 6,000 தொன் அருமண் காந்தம் செய்யும் ஆற்றலை நாட்டிலே உண்டாக்குவதற்கென 7,280 கோடி உரூபாத் திட்டமொன்றுக்கு இந்திய அமைச்சரவை இசைவளித்தது. மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை இன்றும் நடைபெறுகின்றது.