நாலு பேர், ரெண்டு பந்து

களனிவெளி ரெயினில் பொரளைப் பக்கத்தால் போனவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். நெருக்கியடித்த வீடுகளும் கடைகளும் சட்டென்று விலக, தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் பச்சைப்பசேல் என்று ஒரு வெளி. ரெயின் கடந்து போகும்வரை மட்டையை ஊன்றியபடி நாலு பேர் நிற்பார்கள். றோயல் கொழும்பு கோல்ஃப் கிளப். ஒருமுறை என்னோடு வந்த கூட்டாளி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "உதென்ன மச்சான் விளையாட்டு? ஓடுறதும் இல்லை, வேர்க்கிறதும் இல்லை. கதைச்சுக்கொண்டெல்லோ நடக்கிறாங்கள்" எண்டான்.

அவன் நக்கலுக்குத்தான் சொன்னான். ஆனால் விஷயமே அதுதான். நண்பர்கள் சேர்ந்து ஆடும் சாதாரண கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை அடிக்கிற நேரம் கொஞ்சம், சேர்ந்து நடக்கிற நேரம்தான் அதிகம். அந்த நடையில் ஆர் ஆரோடு நடந்தார்கள், ஆர் வெளியில் நின்றார்கள் என்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைப் பார்க்க, இந்த விளையாட்டின் முதல் விதிகள் எழுதப்பட்ட இடத்துக்கே போகலாம். ஸ்கொட்லாந்தின் தலைநகர் எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகம், வருடம் 1744.

லீத்தில் ஒரு பொதுப் புல்வெளி, அதில் ஐந்தே ஐந்து குழிகள். சட்டத்தரணிகள், வைத்தியர்கள், வியாபாரிகள் என்று வசதியான ஒரு கூட்டம் அங்கே விளையாடும். பிறகு பக்கத்துத் தவறணையில் சாப்பிட்டு, குடித்து, அடுத்த ஆட்டத்துக்குப் பந்தயமும் கட்டும். அந்த வருடம் எடின்பரோ நகரசபை வெள்ளியாலான ஒரு கோல்ஃப் மட்டையைப் பரிசாகக் கொடுத்தது. நண்பர்களுக்குள் ஆடும்போது வாய்ப்பேச்சே போதும். போட்டி என்று வந்தால் எழுத்தில் வேண்டும்தானே. 13 விதிகளை எழுதினார்கள்.

பந்து தண்ணிக்குள்ளோ சேற்றுக்குள்ளோ விழுந்தால் எடுத்து வைத்து அடிக்கலாம், ஆனால் எதிராளிக்கு ஒரு அடியை விட்டுக்கொடுக்கவேண்டும். மனிதரோ குதிரையோ நாயோ பந்தை மறித்தால், அது நின்ற இடத்திலிருந்தே அடிக்கவேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விதிதான். நாய்க்கும் குதிரைக்கும் விதி எழுதவேண்டி வந்திருக்கிறது என்றால், அந்த நிலம் எல்லாரும் புழங்கிய நிலம்.

நிலம் எல்லாருக்கும், பந்து எல்லாருக்கும் இல்லை. அந்தக் காலத்துப் பந்து தோலுக்குள் அவித்த இறகை அடைத்துத் தைப்பது. ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு தேவை என்பார்கள். கைதேர்ந்த தொழிலாளியாலும் நாளொன்றுக்கு ஒருசில பந்துகளுக்கு மேல் செய்யமுடியாது. மழையில் நனைந்தால் கதை முடிஞ்சுது.

முதல் வெள்ளி மட்டையை வென்றவர் ஜோன் ராட்ரே என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். வென்றவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர், ஆகவே 13 விதிகளுக்கும் கீழே இருப்பது அவருடைய கையெழுத்து. 1745 இலும் அவரே வென்றார். அதே வருடம் சார்ள்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் என்ற இளவரசர், தன் தகப்பனுக்கு அரசுரிமை கேட்டு ஸ்கொட்லாந்தில் கிளர்ச்சியைத் தொடங்கினார். எடின்பரோவுக்குக் கிட்ட நடந்த சண்டையில் காயப்பட்டவர்களைப் பார்க்கப் போன ராட்ரே, அந்தப் படையோடேயே போய்விட்டார். இளவரசருக்கே வைத்தியராகவும் ஆனார். 1746 ஏப்ரலில் கலொடன் என்ற இடத்தில் கிளர்ச்சிப் படை நொறுங்கியது. ராட்ரே பிடிபட்டார்.

அவருக்காக மன்றாடியவர் டங்கன் ஃபோர்ப்ஸ். ஸ்கொட்லாந்தின் மிக உயர்ந்த சிவில் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. கிளர்ச்சியை அடக்க அரசின் பக்கம் நின்று பாடுபட்டவர். சண்டை நடந்ததே அவருடைய வீட்டுக்குப் பக்கத்தில்தான். அவரும் லீத் கோல்ஃப் கூட்டத்து ஆள். விளையாட்டில் சரியான பைத்தியம். 1728 இல் புல்வெளியைப் பனி மூடியிருந்தபோது கடற்கரை மணலில் விளையாடினவர் மனுசன். ராட்ரே லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு காவலில் இருந்தார், 1747 இல் விடுதலையானார். அந்த வருட முடிவில் ஃபோர்ப்ஸ் இறந்துபோனார். 1751 இல் ராட்ரே மூன்றாவது தடவையாக வெள்ளி மட்டையை வென்றதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

கோல்ஃப்தான் ராட்ரேயைக் காப்பாற்றியது எண்டு ஒரே போடாகப் போட நான் வரவில்லை. தோற்றவர்கள் மேல் இரக்கம் காட்டவேண்டும் என்று ஃபோர்ப்ஸ் பொதுவாகவே வாதாடியவர். ஆனாலும், அதே கிளர்ச்சியில் பிடிபட்டு நூற்றுக்கணக்கில் கடல் கடத்தப்பட்ட சாதாரண சனத்துக்கு ஒரு தலைமை நீதிபதியோடு சேர்ந்து நடந்த பழக்கம் இருக்கவில்லை. இதை எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள் எண்டால் வீட்டில் முதல் எழும்புகிற கேள்வி, "அங்க ஆரையும் தெரியுமோ?" எண்டதுதானே. ராட்ரேக்கு ஆளைத் தெரிந்திருந்தது.

லீத்தில் நெரிசல் கூட, அந்தக் கிளப் 1836 இல் மஸல்பரோ என்ற ஊருக்கு மாறியது. அங்கேயும் பொது நிலம்தான். மஸல்பரோ மீன்காரப் பெண்கள் முதுகில் கூடை சுமந்து எடின்பரோவரை நடந்து மீன் விற்றவர்கள். அவர்களும் கோல்ஃப் ஆடினார்கள்! இந்தக் கிளப் அங்கே வருவதற்குக் கால் நூற்றாண்டு முதலே, 1811 ஜனவரியில், மஸல்பரோவின் சொந்தக் கிளப் அவர்களுக்கென்று ஒரு போட்டி வைத்தது. பரிசு ஒரு புது மீன்கூடையும் சால்வையும், அடுத்த இடங்களுக்குப் பட்டுக் கைக்குட்டைகள். பெண்கள் பங்குகொண்ட கோல்ஃப் போட்டிகளில் நாங்கள் அறிந்தவற்றுள் மிகப் பழையது இதுதான். பரிசாக மீன்கூடையைக் கொடுத்ததில் உள்ள மேட்டிமையை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் அவர்கள் அந்தப் புல்லில் கால் வைக்க ஆரிடமும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

1891 இல் கிளப் மறுபடி இடம் மாறியது. இந்தமுறை பொது நிலம் இல்லை, மியூர்ஃபீல்ட் என்ற இடத்தில் தனக்கென்றே ஒரு மைதானம். அடுத்த வருடமே ஓப்பன் சம்பியன்ஷிப் அங்கே நடந்தது. நாயும் குதிரையும் இனிப் பந்தை மறிக்கா. மீன்காரப் பெண்களும் அந்தப் பக்கம் வரப்போவதில்லை.

மியூர்ஃபீல்ட்டில் நண்பர்கள் ஆடும் முறைக்கு ஃபோர்சம்ஸ் என்று பெயர். நாலு பேர், ஆனால் ரெண்டு பந்துதான். இருவர் ஒரு பக்கம், ஒரே பந்தை மாறி மாறி அடிப்பார்கள். நீங்கள் பற்றைக்குள் அடித்துவிட்டால் அங்கிருந்து எடுத்து அடிக்கவேண்டியது உங்கள் கூட்டாளி. நட்பைச் சோதிக்க இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. ஆட்டமும் கெதியாக முடியும். காலையில் ஒரு சுற்று, பிறகு கோட்டும் டையும் போட்டு நல்ல சாப்பாடு, பின்னேரம் இன்னொரு சுற்று. உண்மையில் அழகான ஏற்பாடு. எனக்கே ஆசை வருகிறது.

2016 இல் பெண்களை அங்கத்தவராகச் சேர்ப்பதா என்று வாக்கெடுப்பு வைத்தபோது, எதிர்த்தவர்கள் தூக்கிப்பிடித்தது இந்த அழகைத்தான். ஆட்டத்தின் வேகம் குறைந்துவிடும், மதியச் சாப்பாட்டு ஒழுங்கு குழம்பிவிடும் என்றார்கள். பெண்கள் வேண்டாம் என்று நேரே சொல்வதைவிட, எங்கட பழகின முறை கெட்டுவிடும் என்று சொல்வது லேசு. 397 பேர் ஆதரவு, 219 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் 14 வாக்குகளால் பிரேரணை தோற்றது.

அதே நாளில் ஓப்பன் போட்டியை நடத்தும் அமைப்பு, இனி மியூர்ஃபீல்ட்டுக்கு வரமாட்டோம் என்று அறிவித்தது. பத்து மாதம் கழித்து, 2017 மார்ச்சில் மறுபடியும் வாக்கெடுப்பு. இந்தமுறை 498 ஆதரவு, 123 எதிர்ப்பு. இடையில் அந்த அங்கத்தவர்கள் சமத்துவம் பற்றிப் புத்தகம் வாசித்துத் திருந்தினார்கள் என்று நம்ப எனக்கு விருப்பம்தான். ஆனால் 16 தடவை ஓப்பன் நடந்த மைதானம் அவர்களுடையது. அது போய்விடும் என்ற பயம்தான் பெரிய பங்கு வேலை செய்தது என்று நினைக்கிறேன். முதல் பெண் அங்கத்தவர்கள் சேர 2019 ஆனது. விதிகள் எழுதி 275 வருடம்.

2022 ஓகஸ்ட்டில் பெண்களுக்கான ஓப்பன் முதன்முறையாக மியூர்ஃபீல்ட்டில் நடந்தது. தென்னாபிரிக்காவின் ஆஷ்லி பூஹாய், தென்கொரியாவின் சுன் இன்-ஜீ இருவரும் சமநிலை. பதினெட்டாவது குழியையே திரும்பத் திரும்ப ஆடவேண்டி வந்தது. நாலாவது தரம் ஆடும்போது இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. பூஹாயின் பந்து மணற்குழிக்குள் கிடந்தது. அதற்குள் இறங்கி நின்று, பந்தைக் குழிக்குக் கிட்டவாகத் தூக்கிப் போட்டார். மிச்சத்தைத் தட்டிவிட்டால் போதும் என்ற அளவுக்குக் கிட்ட.