பழைய பதிப்பை ஏன் வைத்திருக்கணும்? கொடைக்கானல் சொல்லும் பதில்

ஆபீசில் ஒரு பைத்தான் 2 நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "இதைத் தூக்கிட்டு புதுசுக்கு மாறிடலாமே சார்?" என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். தன்னார்வலர்கள் நடத்தும் டெபியன் களஞ்சியம் பைத்தான் 2, 3 இரண்டையும் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தது. 2023-ல் வந்த டெபியன் 12-ல் பைத்தான் 2 கிடையாது. ஆனாலும் பழைய தொகுப்புகளை அவர்கள் அழிக்கவில்லை. ஸ்னாப்ஷாட் என்ற காப்பகத்தில் தேதிவாரியாக எடுத்துக்கொள்ளலாம்.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு இது சரியாகப் புரிந்தது.

1899-ல் தொடங்கிய ஆய்வகம் அது. சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். 1904 முதல் 2007 வரை, வானம் தெளிவாக இருந்த நாட்களில், கால்சியம் கே என்ற ஊதா ஒளியில் சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். சூரியப்புள்ளிச் சுழற்சி ஒன்று சுமார் 11 ஆண்டு. அப்படியானால் ஒன்பது சுழற்சிகளுக்கு மேல் ஒரே இடத்துப் பதிவு!

2008-ல் புது இரட்டைத் தொலைநோக்கி வந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. பழைய கருவி அரை ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள ஒளிப்பட்டையைப் பிடித்தது. புதியது பிடிப்பது 1.2 ஆங்ஸ்ட்ராம். பட்டை அகலமானால் சூரிய வளிமண்டலத்தின் கீழடுக்கு ஒளியும் அதிகமாகக் கலக்கும், பிரகாசமான திட்டுகள் மங்கித் தெரியும். இரண்டு பதிவுகளையும் அப்படியே ஒட்டினால் 2008-ல் சூரியனே மாறிப்போன மாதிரி இருக்கும். உண்மையில் மாறியது கருவிதான்.

பழைய படங்களை ஒருமுறை டிஜிட்டலாக்கினார்கள். பிறகு 4096 × 4096 புள்ளிகள் கொண்ட சிசிடி கேமரா வைத்து மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே" என்று மூலத் தட்டுகளை அன்றே கழித்துக் கட்டியிருந்தால் இந்த இரண்டாம் வாய்ப்பு கிடைத்திருக்காது.

பையனிடம் சொன்னேன்: "கண்டிப்பா மாறுவோம். ஆனா கொஞ்ச நாள் ரெண்டையும் சேர்த்து ஓட்டுவோம். விடை எங்கே வேறுபடுது, ஏன் வேறுபடுதுன்னு எழுதி வைப்போம். அப்புறம் பழசை நிறுத்தலாம். அழிக்க வேண்டாம், தேதி போட்டு எடுத்து வை."