வீட்டுத் தொட்டிச் சுறாக்களும் திருக்கைகளும்

வீட்டுத் தொட்டிச் சுறாக்களும் திருக்கைகளும் என்பன, பெரிய கடல்நீர்த் தொட்டிகளில் வளர்க்கத்தக்க, தரையை ஒட்டி வாழும் சிறிய குருத்தெலும்பு மீன்கள் ஆகும். திறந்த கடலில் ஓயாது நீந்தும் சுறாக்கள் பல, நீந்தும்போது வாய்வழியே புகும் நீரைக் கொண்டே சுவாசிப்பவை. அவற்றை வீட்டில் வளர்க்க இயலாது. மூங்கில் சுறா, எபாலெட் சுறா போன்றவை அசையாது கிடந்தபடியே நீரைச் செவுள்களுக்குச் செலுத்த வல்லவை. ஆகவே தேர்வு பெரும்பாலும் இத்தகையவற்றுள்ளேயே அமைகின்றது. கடைகளில் விற்கப்படும் பாலா சுறா, செவ்வால் சுறா ஆகிய நன்னீர் மீன்கள் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை, பெயரளவிலேயே சுறாக்கள்.

தொட்டியின் அளவு

குட்டியின் அளவைப் பார்த்துத் தொட்டி வாங்குவதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம். பழுப்புப்பட்டை மூங்கில் சுறா முட்டையிலிருந்து வெளிவரும்போது ஒரு சாணுக்கும் குறைவாகவே இருக்கும். வளர்ந்தபின் ஏறத்தாழ 1 மீட்டர் நீளத்தை எட்டும். உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியமானது. 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் 75 செ.மீ. ஆழத்திற்கு நீர் நிரப்பினால் அது 4,500 லிட்டர். அதாவது நான்கரை டன்னுக்கும் மேற்பட்ட எடை. மாடி வீடுகளில் இதுவே முதல் தடையாகும். சுமார் 3 மீட்டர் வளரும் செவிலிச் சுறாவின் குட்டியும் விற்பனைக்கு வருவதுண்டு. அதனை எவ்வகையிலும் பரிந்துரைக்க இயலாது.

இணக்கமான இனங்கள்

முதலில் ஒத்துப்போக வேண்டியது வெப்பநிலை. கலிபோர்னியக் கரையோரக் குளிர்நீரில் வாழும் கொம்புச் சுறாவையும் சிறுத்தைச் சுறாவையும் வெப்பமண்டல இனங்களுடன் சேர்த்தால் அவை நாளடைவில் நலிந்துவிடும்.

ஆத்திரேலியாவின் வட கரையிலும் நியூ கினியிலும் உள்ள பவளப்பாறைகளில் வாழும் எபாலெட் சுறா, நீர் வற்றும் பாறைக் குழிகளில் துடுப்புகளை ஊன்றி நடக்கக்கூடியது. உயிர்வளி குறைந்த நீரையும் தாங்கும். தொட்டி வாழ்வுக்கு மிகவும் ஏற்ற சுறா இதுவே எனலாம். சுமார் 70 செ.மீ. வளரும் பவளப் பூனைச்சுறா இரவில் இயங்குவது. உடனிருக்கும் சிறு மீன்களை இரையாக்கும்.

திருக்கைகளுள் மேற்கு அத்திலாந்திக்கின் மஞ்சள் திருக்கை ஓரளவு எளிதானது. அதன் உடல்தட்டு ஏறத்தாழ 35 செ.மீ. அகலமே. அழகிற்காக அதிகம் வாங்கப்படும் நீலப்புள்ளித் திருக்கையோ பெரும்பாலும் உணவை மறுத்து மடிகின்றது. கடையில் அது இரை உண்பதைக் கண்ணால் கண்டபின்னரும் இருமுறை எண்ணுதல் நன்று. திருக்கைகளுக்கு மென்மணல் தரை தேவை. கூரிய பவளத்துண்டுகள் அடிவயிற்றைக் கீறிவிடும். வாலிலுள்ள முள் நச்சுடையது.

சுறாவையும் திருக்கையையும் ஒன்றாக வளர்க்கும்போது, பசித்த சுறா திருக்கையின் உடல் விளிம்பைக் கடிக்கும் அபாயம் உண்டு. இரண்டுக்கும் தனித்தனியே இரை ஊட்டுவது இதனைக் குறைக்கும். கிளாத்தி, பேத்தை மீன்களைச் சேர்க்கலாகாது; அவை அசையாது கிடக்கும் திருக்கையின் கண்களையும் சுறாவின் துடுப்புகளையும் கொத்தும்.

பராமரிப்பு

பிற மீன்களின் நோய்க்கு இடப்படும் செப்பு மருந்துகள் குருத்தெலும்பு மீன்களுக்கு நஞ்சாகும். இவை மின்புலத்தை உணரும் உறுப்புகளைக் கொண்டவையாதலால், பழுதான நீரேற்றியிலிருந்து கசியும் மின்சாரம் இவற்றைத் துன்புறுத்தும். நீரில் அயோடின் குறைந்தால் தொண்டையில் கழலை வீக்கம் தோன்றக்கூடும். வளர்ந்து தொட்டிக்குள் அடங்காத மீனைக் கடலில் விடுதல் கூடாது. அயல் இனங்களும் நோய்களும் அவ்வழியே பரவுகின்றன.