விடுதிக்கும் வரலாறு உண்டா?

கலைக்களஞ்சியம் அறிவின் பண்டகசாலை. அதனுள் எதற்கு இடமளிப்பது, எதனை வாயிலிலேயே நிறுத்துவது என்பது தொகுப்பாசிரியர்களை என்றும் வருத்தும் வினா. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தாரும் இவ்வினாவை எதிர்கொண்டே இருப்பர். பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதுதல் முறையே. அதன் மாணவர் விடுதிக்கும் தனிக் கட்டுரை வேண்டுமோ? உண்ணவும் உறங்கவும் அமைந்த கட்டடத்திற்கு வரலாறு ஏது என்பார் பலர். இரண்டு விடுதிகளை நோக்கின் விடை புலனாகும்.

கல்கத்தாவில் பிரெசிடென்சி கல்லூரி மாணவர்க்கென அமைந்தது ஈடன் இந்து விடுதி. வங்காளத்தின் துணை ஆளுநராயிருந்த ஆஷ்லி ஈடனின் பெயரைத் தாங்கியது. 1902-இல் கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதலிடம் பெற்ற பீகார் மாணவர் ஒருவர் இங்கே தங்கிப் பயின்றார். அவரே பிற்காலத்தில் நம் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரான இராஜேந்திர பிரசாத். இப்பெருமை ஒன்றே தனிக் கட்டுரைக்குப் போதும் என்பர் சிலர். யான் அதற்கு இசையேன். அரசர் இளைப்பாறிய காரணத்தால் ஆலமரம் அரியணை ஆகிவிடாது. பிரசாத்தின் புகழ் பிரசாத்துக்கே உரியது.

ஆனால் 1911-இல் அதே கல்லூரிக்கு டாக்காப் பகுதிச் சிற்றூரிலிருந்து மேகநாத சாகா வந்து சேர்ந்தார். விண்மீன்களின் ஒளியை ஆராய வழிகாட்டிய அயனியாக்கச் சமன்பாட்டை 1920-இல் உலகுக்கு அளித்த பேரறிஞர் இவர். தாழ்ந்த குலத்தவர் என்று கருதி, அவரோடு ஒரே உணவுக்கூடத்தில் உண்ண விடுதி மாணவர் சிலர் மறுத்தனர். இச்செய்தி சாகாவின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரியாக முடிவதன்று. அந்த வீட்டின் வரலாறும் ஆகும். வகுப்பறையில் ஒரே பலகையில் அமர்ந்தவர்கள் பந்தியில் ஏன் பிரிந்தனர் என்பதைக் கல்லூரியின் வரலாறு மட்டும் விளக்காது. விடுதியின் வரலாறே விளக்கும்.

இனி, டாக்காப் பல்கலைக்கழகத்தின் ஜகந்நாத மண்டபத்தைக் காண்போம். 1921-இல் அப்பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்திலேயே தோன்றிய மூன்று விடுதிகளுள் இஃது ஒன்று. முஸ்லிம் அல்லாத மாணவர்க்கு உரியது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளச் சட்டமன்றம் கூடிய மாளிகை இவ்விடுதியைச் சேர்ந்ததே. 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் படையினர் இவ்விடுதியுள் புகுந்து, மாணவர்களையும் ஊழியர்களையும் சுட்டுக் கொன்றனர். கொல்லப்பட்டோர் விடுதியின் மைதானத்திலேயே புதைக்கப்பட்டனர். தத்துவப் பேராசிரியர் கோவிந்த சந்திர தேவும் அப்படுகொலையில் உயிர்நீத்தார். 1985 அக்டோபர் 15 அன்று, பழைய சட்டமன்ற மாளிகையின் கூரை இடிந்து வீழ்ந்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளைப் பல்கலைக்கழகம் துக்க நாளாகக் கடைப்பிடித்து வருகிறது. இவ்விடுதியைப் பல்கலைக்கழகக் கட்டுரையின் ஒரு மூலையில் ஒடுக்குவது, மாண்டோரை இரண்டாம் முறை புதைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே அளவுகோல் எளிதே. அவ்வீட்டிற்கென்று ஒரு நிகழ்ச்சி உண்டா? அதனை அவ்வீட்டார் அல்லாத பிறரும் ஆராய்ந்து எழுதியுள்ளனரா? பெரிய கட்டுரையோடு சேர்த்தால் அதன் பொருள் குன்றுமா? மூன்றுக்கும் ஆம் எனில் தனிக் கட்டுரை தகும். கட்டிய ஆண்டும், அறைகளின் எண்ணிக்கையும், கண்காணிப்பாளர் பட்டியலும் மட்டுமே உடைய விடுதிக்கு ஒரு பத்தி போதும். பெரும்பாலான விடுதிகள் இத்தகையனவே; அதில் இழுக்கொன்றும் இல்லை.

நம் குடியிருப்பிலிருந்தும் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு தொலைவூர் விடுதிகளுக்குச் செல்கின்றனர். புதிதாய் வந்தவன் ஒருவன் உணவுத் தட்டோடு நிற்கும்போது, அவனுக்கு இடம் விடுகிறார்களா, முகம் திருப்புகிறார்களா என்பதில்தான் அவ்வீட்டின் வரலாறு எழுதப்படுகிறது. கலைக்களஞ்சியத்தில் ஏறினாலும் ஏறாவிட்டாலும், நம் பிள்ளைகள் இடம் விட்டவர்களாக இருக்கட்டும்.