"வாசனை எப்பவும் வரும் சார்": கேஸ் அடுப்பு கும்மிடிப்பூண்டிக்கு வந்த கதை

நீளமான இழை மக்களே. டீ எடுத்துட்டு வந்து உக்காந்து படிங்க.

போன வாரம் ஓ.பி முடியற நேரத்துல ஒரு பையன் வந்தான். கும்மிடிப்பூண்டி தாண்டி ஜி.என்.டி ரோட்டு ஓரத்துல ஒரு கிரில் சிக்கன் கடையில வேலை. ரெண்டு புருவமும் கருகிப் போச்சு, முன்னங்கை முடி பொசுங்கி, நெத்தி செக்கச் செவேல்னு இருக்கு. "என்னாச்சு தம்பி?"

"ஒண்ணுமில்ல சார். மிஷினைப் பத்த வெச்சேன், குப்புனு வந்துச்சு."

மூக்கு முடி கருகியிருக்கா, குரல் கம்முதா, வாய்க்குள்ள கரி இருக்கான்னு பார்த்தேன். முகத்துல தீ அடிச்சா முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான், மூச்சுக்குழாய் வெந்திருந்தா சில மணி நேரத்துல வீங்கி அடைச்சுக்கும். நல்லவேளை, எதுவும் இல்ல. விசாரிச்சா, கேஸைத் திறந்துட்டு லைட்டரைத் தேடப் போயிருக்கான்.

"கேஸ் வாசனை வரலையா?"

"வந்துச்சு சார். அது எப்பவும் வரும் சார்."

இந்த "எப்பவும் வரும்" ராத்திரி வரைக்கும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. ஏன்னா அந்த வாசனை கேஸோட சொந்த வாசனை இல்ல. நாம சேர்த்தது. சேர்க்க வெச்சது ஒரு பள்ளிக்கூடம்.

1937 மார்ச் 18. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற எண்ணெய் வயல் ஊர். பணக்காரப் பள்ளிதான், ஆனா செலவு மிச்சம் பண்ண, எண்ணெய்க் கிணத்துல மிஞ்சி வர்ற எரிவாயுவை இலவசமா இழுத்து ஹீட்டருக்குப் பயன்படுத்தினாங்க. அது இயற்கை எரிவாயு. நிறமும் இல்ல, மணமும் இல்ல. கட்டிடத்துக்கு அடியில கசிஞ்சு நிறைஞ்சது யாருக்கும் தெரியல. பள்ளி விடுற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, தொழிற்பயிற்சி அறையில ஒரு மின் இயந்திரத்தைப் போட்டிருக்காங்க. ஒரு பொறி. கிட்டத்தட்ட 300 பேர் செத்தாங்க, பெரும்பாலும் குழந்தைங்க.

சில வாரத்துலேயே டெக்சாஸ்ல சட்டம் வந்துச்சு: எரிவாயுவில் நாத்தம் சேர்த்தே ஆகணும். பிறகு உலகம் முழுக்க அதுவே வழக்கமாச்சு. நம்ம சிலிண்டர்ல சேர்க்கிறது எத்தில் மெர்காப்டன். அழுகின முட்டைக்கோசு மாதிரி ஒரு நாத்தம். எவ்வளவு சேர்க்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. எல்.பி.ஜி காத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு கலந்தாலே பத்திக்கும். அதுல அஞ்சுல ஒரு பங்கு இருக்கும்போதே மனுஷ மூக்குக்குத் தெரிஞ்சிடணும். ஆக, வாசனை வந்தா ஆபத்து இன்னும் அஞ்சு படி தள்ளி நிக்குது, ஆனா கிளம்பிடுச்சுன்னு அர்த்தம்.

டாக்டரா ஒரு இடைச்செருகல். மூக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே வாசனையில கொஞ்ச நேரம் இருந்தா அதை மறந்துடும். கடைக்குள்ளேயே நிக்கிறவனுக்குத் தெரியாது, வெளியிலிருந்து வர்ற கஸ்டமருக்குத்தான் தெரியும். கோவிட்ல வாசனை போய் இன்னும் முழுசா திரும்பாதவங்களும் இருக்காங்க. அதனால "ஏம்பா, கேஸ் நாறுதே"ன்னு யாராவது சொன்னா சண்டைக்குப் போகாதீங்க.

சரி, இந்த எல்.பி.ஜி எங்கிருந்து வந்தது? 1910 வாக்கில் அமெரிக்காவில் வால்டர் ஸ்னெல்லிங்னு ஒரு வேதியியலாளர். கார்ல ஊத்துன பெட்ரோல் பாதி ஆவியாப் போகுதுன்னு புகார் வர, அந்த ஆவியில என்ன இருக்குன்னு பார்க்கப் போய் புரொப்பேன், பியூட்டேனைப் பிரிச்சு எடுத்தார். அழுத்தினா திரவம், திறந்தா வாயு. சிலிண்டருக்குள்ள இருக்கும் ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தா ஏறக்குறைய 250 லிட்டர் வாயு. அதோட காத்தை விடக் கனம். மேல போகாது, தரையோட படர்ந்து தாழ்வான இடத்துல போய்த் தேங்கும். கிரில் மிஷின் அடித்தட்டுல, கட்டில் அடியில, சாக்கடையில. ஜன்னலை மட்டும் திறந்துட்டு "காத்து வருதே"ன்னு நிம்மதியா இருக்க முடியாததுக்கு அதுதான் காரணம். கதவையும் திறக்கணும்.

இந்தியாவுக்கு வருவோம். 1955-ல் மும்பையில் பர்மா ஷெல் கம்பெனி சிலிண்டர் கேஸ் விக்க ஆரம்பிச்சது. இந்தியன் ஆயிலின் முதல் இண்டேன் இணைப்பு 1965 அக்டோபர் 22-ல் கல்கத்தாவில். நம்ம ஊர் வழியா போற ஜி.என்.டி ரோட்டுல நேரா வடக்க போய்க்கிட்டே இருந்தா அந்தக் கல்கத்தாவுலதான் போய் நிக்கும்! அதே 1965 டிசம்பர்ல தெற்கு முனையிலயும் ஒரு வேலை நடந்துச்சு. மத்திய அரசு, அமெரிக்காவின் ஆமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூணும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் கம்பெனியைத் தொடங்கினாங்க. மணலியில் ஆலை 1969-ல் ஓட ஆரம்பிச்சது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது மேல வர்ற லேசான வாயுதான் நம்ம அடுப்புக்கு வர்றது. மணலி அப்போ செங்கல்பட்டு மாவட்டம், 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தப்போ இங்க வந்தது, இப்போ சென்னையோட சேர்ந்துடுச்சு.

ஆலை நம்ம வாசல்ல, ஆனா கேஸ் நம்ம வீட்டுக்கு வரல. எழுபதுகள், எண்பதுகள்ல கனெக்‌ஷனுக்கு எழுதிக் குடுத்துட்டு வருஷக்கணக்கா காத்திருந்த கதையை உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. எம்.பி கோட்டாவுல கேஸ் வாங்கினது ஒரு பெருமை! மத்தவங்களுக்கு விறகு, வரட்டி, மரத்தூள் அடுப்பு, ரேஷன் மண்ணெண்ணெய். திரி ஸ்டவ், இல்லைன்னா பம்ப் ஸ்டவ். ஒரு பீடி கூடக் குடிக்காத பாட்டிங்க நுரையீரல் போய் எங்க முன்னாடி வந்து உக்காந்தா, நாங்க கேக்குற முதல் கேள்வி "எத்தனை வருஷம் விறகடுப்பு ஊதினீங்க?"

பம்ப் ஸ்டவ்வைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அது ஸ்வீடன்ல 1892-ல் வந்த பிரைமஸ் அடுப்போட வாரிசு. என் தலைமுறைக்கு முந்தின டாக்டர்கள் எல்லாருக்கும் "ஸ்டவ் வெடிச்சுது" என்ற வாக்கியம் தெரியும். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, எங்க தீக்காயம்னாலும் கடைசியில கீழ்ப்பாக்கம் மருத்துவமனை வார்டுக்குத்தான் ஆம்புலன்ஸ் போகும். கல்யாணமாகி ரெண்டு மூணு வருஷமான பொண்ணு, நைலான் சேலை, "ஸ்டவ் வெடிச்சுது." சில சமயம் அது உண்மை. அடைச்ச முள்ளைக் குத்தாம பம்ப் அடிச்சா மண்ணெண்ணெய் பீச்சிட்டு வந்து சேலையில பத்திக்கும். பல சமயம் உண்மை இல்ல. மருமகள்களுக்கு மட்டும் எப்படி வெடிக்குதுன்னு பெண்கள் அமைப்புகள் ரோட்டுக்கு வந்து கேட்ட பிறகுதான் 1983-ல் 498ஏ, 1986-ல் 304பி சட்டப்பிரிவுகள் வந்துச்சு. ஸ்டவ் மாட்டிக்கிட்ட பழியெல்லாம் அதோடது இல்ல.

2006 தேர்தல்ல தி.மு.க இலவச கேஸ் அடுப்பு அறிவிச்சு, ஜெயிச்சு வந்து, ஏழைப் பெண்களுக்குக் குடுக்க ஆரம்பிச்சாங்க. 2016 மே 1-ல் மத்திய அரசின் உஜ்வலா. அரசியல் சண்டை இங்க வேணாம். அடுப்பு வந்துச்சு, அதைப் பராமரிக்கிறது எப்படின்னு சொல்லித்தர யாரும் வரல. அது மட்டும் என் வருத்தம்.

இப்ப நம்ம பையனோட மிஷினுக்கு வருவோம். கிரில் சிக்கனும் ஷவர்மாவும் வளைகுடா போய்த் திரும்பினவங்க வழியா நம்ம ரோட்டோரத்துக்கு வந்த பண்டம். சாயங்காலம் நாலு மணிக்கு மிஷினை ரோட்டுப் பக்கம் தள்ளி வெச்சுடுவாங்க. பின்பக்கம் பர்னர், முன்னாடி கம்பியில கோழி சுத்தும், கீழே கொழுப்பு சொட்டுற தட்டு. பக்கத்துல 19 கிலோ சிலிண்டர்.

மறுநாள் வீட்டுக்குப் போற வழியில நின்னு பார்த்தேன் (ஆமா, வேற வேலை இல்லாத டாக்டர்). தீ மஞ்சளா, நுனியில புகையோட எரிஞ்சுது. கேஸ் போதுமான காத்தோட கலந்தா நீலமா எரியும். மஞ்சள்னா காத்து பத்தல. ஏன் பத்தல? பர்னர் குழாய் வாயில குளவி மண்கூடு கட்டியிருக்கு. நம்ம ஊர்ல ரெண்டு வாரம் மூடி வெச்ச எந்தக் குழாயையும் குளவி விடாது. அது அடைச்சா, கேஸ் போக வேண்டிய வழியில போகாம குழாய் வாய் வழியாவே வெளிய வரும், அங்கேயே பத்தும். மீதி ஓட்டைகள்ல கொழுப்பும் மசாலாவும் கருகி அடைச்சிருக்கு. கீழ்த்தட்டுல ஒரு வார எண்ணெய். தீ ஒரு தடவை இறங்கினா அந்தத் தட்டே ஒரு அடுப்பு.

சுத்தம் பண்றது பெரிய வித்தை இல்ல. சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழட்டி, மிஷின் நல்லா ஆறின பிறகு பர்னரைக் கழட்டித் தட்டி, மெல்லிய கம்பியால ஓட்டைகளைக் குத்தி, சோப்புத் தண்ணியில கழுவி, ஈரம் துளிகூட இல்லாம காய வெச்சு மாட்டணும். தட்டு தினமும் காலி ஆகணும். திரும்ப மாட்டினதும் இணைப்புகள் மேல சோப்பு நுரை தடவுங்க, முட்டை விட்டா கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்க்கவே கூடாது. பத்த வைக்கும்போது மூடியோ கண்ணாடிக் கதவோ திறந்திருக்கணும். லைட்டர் கையில, அப்புறம்தான் கேஸ். முதல் தடவை பத்தலைன்னா மூடிட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. அவன் புருவம் போனது அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான்.

அப்புறம் அந்த இரும்புக் கம்பி பிரஷ். கிரில்லைத் தேய்க்க எல்லாரும் அதைத்தான் வெச்சிருக்காங்க. 2012-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு அறிக்கை போட்டுச்சு. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கிரில் சாப்பாடு சாப்பிட்டவங்க தொண்டை வலி, வயித்து வலின்னு வர, எக்ஸ்ரே, சி.டி எடுத்துப் பார்த்தா பிரஷ்ல இருந்து உதிர்ந்த ஒத்தைக் கம்பி. சிலருக்குக் குடல்லேயே குத்தியிருந்தது. தேய்ச்ச பிறகு ஈரத்துணியால ஒரு தடவை துடைங்க, இல்லைன்னா தேங்காய் நாரே போதும்.

ரப்பர் குழாய்: உள்ளே எஃகு வலை போட்ட ஆரஞ்சுக் குழாயா இருக்கணும், அஞ்சு வருஷத்துக்கு மேல வேணாம். சிலிண்டர் கழுத்துப் பட்டையில ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏன்னா ஜனவரி முதல் மார்ச், டின்னா அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலாண்டோட அது மறுசோதனைக்குப் போகணும். தாண்டினதை வாங்காதீங்க.

எனக்கு நிஜமாவே பயம் தர்றது கிரில் கடை இல்ல. சிப்காட் சுத்தி இருக்குற வாடகை அறைகள். ஒடிசா, பீகார்லேர்ந்து வந்த தம்பிங்க ஒரு அறையில ஆறு பேர், எட்டு பேர். உள்ளூர் முகவரிச் சான்று இல்லாததால ரொம்ப நாள் கனெக்‌ஷன் கிடைக்காது. அதனால முத்திரை இல்லாத சின்ன சிலிண்டர், பெரிய சிலிண்டர்லேர்ந்து தலைகீழாக் கவுத்து மாத்துன கேஸ். ஆலையில எப்பவும் மேல கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிரப்புவாங்க, வெயில்ல திரவம் விரியும்ல. மாத்தி விக்கிறவனுக்கு அந்தக் கணக்கு இருக்காது. 2023 ஆகஸ்ட் 26 விடியக்காலம் மதுரை ஸ்டேஷன் பக்கம் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில, கொண்டு வரக்கூடாத சிலிண்டரைக் கொண்டு வந்து பத்த வெச்சதுல உத்தரப் பிரதேசத்துக்காரங்க 9 பேர் கருகிப் போனாங்க. நம்ம வாடகை அறைகள் பலதும் ரயில் பெட்டி அளவுதான், கதவு ஒண்ணுதான்.

இதுக்கு வழி இருக்கு. 2013-லேர்ந்து 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாம விக்கிறாங்க. இந்தியன் ஆயில் 2020-ல் அதுக்கு "சோட்டு"ன்னு பேரும் வெச்சுது. ஒரு அடையாள அட்டை போதும். விலை கூடத்தான், மானியம் இல்ல. வீடு வாடகைக்கு விடுற அண்ணன்மாரே, உங்க வீட்டுல இருக்குற பசங்ககிட்ட இதைச் சொல்லுங்க. எரியப்போறது உங்க கூரையும்தான்.

தீ பட்டுச்சுன்னா: ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம். ஐஸ் வேணாம், பேஸ்ட், இங்க், மஞ்சள், தோசை மாவு எதுவும் வேணாம். மோதிரம், வளையலை வீங்குறதுக்கு முன்னாடி கழட்டுங்க. கசிவுன்னா சுவிட்சைப் போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம். வெளிய வந்து 1906-க்குக் கூப்பிடுங்க.

இன்னிக்குக் காலையில பையன் திரும்ப வந்தான். நெத்தித் தோல் உரிஞ்சு புதுசு வந்திருக்கு. ஓனர் பர்னரைக் கழட்டினாராம், குளவிக்கூடு மட்டும் ஒரு கைப்பிடி வந்துச்சாம்.

"இப்ப வாசனை வருதா?"

"இல்ல சார். ஆனா புருவம் எப்ப சார் வரும்? தை மாசம் அக்கா கல்யாணம்."

மூணு மாசம் ஆகும்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு, "வந்துடும் சார்"னு அவனே சொல்லிட்டுப் போனான்.