சர்ச் ராக் யுரேனிய ஆலைக் கழிவுநீர் உடைப்பு

சர்ச் ராக் யுரேனிய ஆலைக் கழிவுநீர் உடைப்பு என்பது 1979 சூலை 16 அன்று ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் நிகழ்ந்த சூழல் விபத்து ஆகும். வெளியேறிய கழிவின் கன அளவைக் கொண்டு நோக்கின், அந்நாட்டில் நிகழ்ந்த கதிரியக்கக் கசிவுகளுள் இதுவே மிகப் பெரியது எனக் கருதப்படுகிறது.

பின்னணி

யுரேனியத் தாது தூளாக்கப்பட்டு, கந்தக அமிலத்தில் கரைக்கப்பட்டு, அதிலிருந்து யுரேனியம் பிரித்தெடுக்கப்படுகிறது. தோரியம்-230, ரேடியம்-226 முதலியன கழிவிலேயே தங்கிவிடுவதால், தாதுவின் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு அக்கழிவில் எஞ்சுகிறது. இவற்றின் அரைவாழ்வுக் காலம் முறையே ஏறத்தாழ 75,000 ஆண்டுகளும் 1,600 ஆண்டுகளும் ஆகும். சர்ச் ராக்கில் யுனைட்டட் நியூக்ளியர் நிறுவனத்தின் ஆலை 1977 இல் இயங்கத் தொடங்கியது. கழிவுக் குட்டையின் மண்ணணையில் அவ்வாண்டிலேயே விரிசல்கள் காணப்பட்டன.

நிகழ்வு

அதிகாலையில் மண்ணணையில் சுமார் 6 மீட்டர் அகலத்துக்கு உடைப்பு ஏற்பட்டது. சுமார் 1,000 தொன் திண்மக் கழிவும் 35 கோடி லிட்டருக்கு மேற்பட்ட அமிலக் கழிவுநீரும் புவேர்க்கோ ஆற்றில் கலந்தன. மாசு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் கடந்து அரிசோனா மாநிலம் வரை பரவியது. நவஹோ பழங்குடியினர் தம் கால்நடைகளுக்கு இவ்வாற்று நீரையே பயன்படுத்தி வந்தனர். இப்பகுதியைப் பேரிடர்ப் பகுதியாக அறிவிக்குமாறு அவர்கள் விடுத்த வேண்டுகோளை மாநில ஆளுநர் ஏற்கவில்லை.

இடர் மதிப்பீடு

இத்தகைய மாசின் இடரை மதிப்பிடுவதற்கு மூன்று செய்திகள் தேவை. அவை மாசின் தோற்றுவாய், அது பரவும் வழி, அதனால் பாதிக்கப்படும் உயிர்கள் என்பனவாகும். சர்ச் ராக்கில் ஆற்று வண்டல், ஆழமற்ற கிணறுகள், காற்றில் பறக்கும் தூசி, கால்நடைகளின் இறைச்சி ஆகியவை பரவும் வழிகளாக அமைந்தன. யுரேனியம் கதிரியக்கத்தால் மட்டுமன்றி, வேதி நஞ்சாகவும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது.

விபத்தை மட்டும் அளப்பது போதாது என்பதற்கு இந்நிகழ்வு ஒரு சான்றாகும். 1960களின் பிற்பகுதியிலிருந்து 1986 வரை, சுரங்கங்களிலிருந்து இறைக்கப்பட்ட நீர் இதே ஆற்றில் விடப்பட்டு வந்தது. அந்நீரால் ஆற்றில் சேர்ந்த மொத்த யுரேனியம், உடைப்பின்போது வெளியேறியதைவிடப் பன்மடங்கு மிகுதி என ஐக்கிய அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் ஆய்வு காட்டியது. மேலும், இவ்வட்டாரப் பாறைகளில் யுரேனியம் இயற்கையாகவே உள்ளது. ஆகவே, சுரங்கம் தொடங்குமுன் எடுக்கப்பட்ட அளவீடுகள் இன்றி, கிணற்று நீரிலுள்ள யுரேனியத்தில் எவ்வளவு சுரங்கத்தால் வந்தது எனப் பிரித்தறிதல் கடினம்.

பின்விளைவுகள்

ஆலை 1982 இல் மூடப்பட்டது. 1983 இல் இவ்விடம் நடுவண் அரசின் தூய்மிப்புத் திட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நவஹோ நிலப்பகுதியில் கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் 500க்கும் மேற்பட்டவை. 2005 இல் நவஹோ தேசம் தன் நிலப்பகுதியில் யுரேனியம் அகழ்வதைச் சட்டத்தின் மூலம் தடை செய்தது.